கண்ணில்லாத பதினொரு கிழங்குகள்

டேலியா வளர்க்கத் தொடங்கிய முதல் ஆண்டின் குளிர்காலத்தில் நான் பத்திரப்படுத்தி வைத்தவை பதினொரு கிழங்குகள். இளவேனில் பிறந்ததும் பெட்டியைத் திறந்து பார்த்தபோது அவற்றில் ஒன்றுகூட அழுகியிருக்கவில்லை, ஒன்றுகூடச் சுருங்கியிருக்கவில்லை; கையில் எடுத்தால் கனமாகவும் தோல் இறுக்கமாகவும், அன்று காலைதான் மண்ணிலிருந்து எடுத்தவை போல இருந்தன. மிகுந்த பெருமிதத்தோடு அவற்றை நட்டேன். ஒரு மாதம் காத்திருந்தேன், பிறகு இன்னொரு மாதமும் காத்திருந்தேன், ஒரு முளையும் வரவில்லை. பொறுமையிழந்து ஒன்றைத் தோண்டிப் பார்த்தபோது, நட்ட நாளில் இருந்த அதே கெட்டித்தன்மையோடு அது மண்ணுக்குள் கிடந்தது. அடியில் நூல் போன்ற வேர்கள்கூட விட்டிருந்தது. மேலே மட்டும் எதுவும் நடக்கவில்லை.

தவறு சேமிப்பில் இல்லை, அதற்கு முன்பே நடந்துவிட்டது என்பதை அடுத்த ஆண்டுதான் புரிந்துகொண்டேன். இலையுதிர்காலத்தில் செடியைத் தோண்டி எடுத்தபோது, நடுவில் கட்டை போன்ற ஒரு தண்டடியும், அதைச் சுற்றி விரல்களைப் போலத் தொங்கும் கிழங்குகளும் இருந்தன. அந்தத் தண்டடி பார்க்க அழகில்லாமல், நார் நாராக, உள்ளே கூடாக இருந்தது. ஒவ்வொரு கிழங்கையும் அதன் மெல்லிய கழுத்தில் ஒடித்து, மண் துடைத்து, பெட்டியில் அடுக்கிவிட்டு, தண்டடியை உரக்குழியில் வீசிவிட்டேன். வீசியதுதான் செடி, பெட்டிக்குள் வைத்தது அந்தச் செடியின் சாப்பாடு.

உருளைக்கிழங்கை வைத்து டேலியாவைப் புரிந்துகொள்ள முயன்றதால் வந்த வினை இது. உருளைக்கிழங்கு மண்ணுக்குள் பருத்த தண்டு; ஆகவே அதன் உடலெங்கும் முளைக்கண்கள் இருக்கின்றன, எந்தத் துண்டை வெட்டி நட்டாலும் அதில் ஒரு கண் இருந்தால் போதும். டேலியாவின் கிழங்கோ பருத்த வேர். சர்க்கரைவள்ளியும் வேர்க்கிழங்குதான் என்றாலும், அது தன் உடலிலிருந்தே புதிய முளைகளை உண்டாக்கிக்கொள்ளும். டேலியாவுக்கு அந்தத் திறமை இல்லை. அதன் முளைக்கண்கள் எல்லாம் கிழங்கின் கழுத்து தண்டோடு சேரும் இடத்தில், ஏறக்குறைய ஒரு விரல் அகலமுள்ள பட்டையில் மட்டுமே இருக்கின்றன. அந்தப் பகுதியின் ஒரு துணுக்காவது ஒட்டிக்கொண்டிருக்காத கிழங்கு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் முளைக்காது. கழுத்து ஒடிந்து தோலில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும் கிழங்கும் அப்படித்தான். கண்ணுக்கு உணவு போகும் வழி அங்கே அறுந்துவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, நடுவதிலிருந்து குளிர்காலப் பெட்டியை மூடுவது வரை நான் செய்யும் ஒவ்வொரு வேலையையும், 'இது தண்டடிக்கு என்ன செய்யும்?' என்ற ஒரே கேள்வியை வைத்தே முடிவு செய்கிறேன்.

இந்தச் செடி ஏன் இப்படி அமைந்தது என்பதற்கு அதன் பிறப்பிடத்தைப் பார்க்க வேண்டும். டேலியா மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் உள்ள மலைப்பாங்கான பகுதிகளைச் சேர்ந்தது. கோடையில் மழை, குளிர்காலத்தில் வறட்சி என்பதே அங்குள்ள சுழற்சி. மழைக்காலத்தில் வளர்ந்து பூத்து, வறண்ட மாதங்களில் மேற்பகுதியைக் காயவிட்டு, தண்ணீரையும் உணவையும் கிழங்கில் வைத்துக்கொண்டு மண்ணுக்குள் உறங்குவது அதன் இயல்பு. ஆகவே டேலியாவுக்கு ஓய்வு என்றால் உலர்ந்த ஓய்வு. குளிரும் ஈரமும் ஒன்றாகச் சேரும் குளிர்காலத்தை அதன் உடல் அறியாது. பனி விழும் நாடுகளில் கிழங்குகள் குளிரில் உறைந்து சாவதைப் போலவே, குளிர்ந்த ஈர மண்ணில் அழுகியும் சாகின்றன.

மெக்சிகோ நகரத் தாவரவியல் தோட்டத்திலிருந்து 1789-இல் ஸ்பெயினின் மாட்ரிட் நகரத்துக்கு விதைகள் போய்ச் சேர்ந்தன. அங்கே அவற்றை வளர்த்த கவனியெஸ் என்ற தாவரவியலாளர், புகழ்பெற்ற தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவரான சுவீடனைச் சேர்ந்த ஆந்தர்ஷ் தாலின் நினைவாக 1791-இல் அதற்கு டேலியா என்று பெயரிட்டார். ஜெர்மனியில் ஜார்ஜினா என்ற வேறொரு பெயரும் சூட்டப்பட்டது. ரஷ்ய மொழியில் இன்றும் அந்தப் பெயரே வழங்குகிறது. கிழங்குகளைக் கப்பலில் அனுப்பிய பிற்காலத்துக் கதை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். 1872-இல் மெக்சிகோவிலிருந்து நெதர்லாந்துக்கு ஒரு பெட்டி நிறைய டேலியாக் கிழங்குகள் போயின. வந்து சேர்ந்தபோது ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் கெட்டுப்போயிருந்தன. அந்த ஒன்று பூத்தபோது, இதழ்கள் பின்னோக்கிச் சுருண்டு கூர்முனையோடு நிற்கும் சிவப்பு மலர் வந்தது. இன்று 'காக்டஸ்' வகை என்று நாம் வாங்கும் டேலியாக்களுக்கு அதுவே மூதாதை. என் பெட்டியில் பாதி அழுகிப்போன ஆண்டுகளில் இந்தக் கதையை நினைத்து ஆறுதல் கொள்வதுண்டு.

பல உயிரினங்களில், மரபுத் தகவலைச் சுமக்கும் இழையான குரோமோசோம் ஒவ்வொன்றும் இரண்டு பிரதிகளாக இருக்க, தோட்ட டேலியாவில் எட்டுப் பிரதிகள் இருக்கின்றன. விதையிலிருந்து வளர்த்தால் தாய்ச் செடியைப் போன்ற பூ வராது என்பதற்கும், பொத்தான் அளவிலிருந்து உணவுத் தட்டு அளவு வரை பூக்கள் இருப்பதற்கும் இதுவே பெரிய காரணம். நீலத்தைத் தவிர ஏறக்குறைய எல்லா நிறங்களும் இருக்கின்றன. நமக்குப் பிடித்த ஒரு வகையை அப்படியே தொடர வேண்டுமானால் கிழங்கையோ, அதன் முளையிலிருந்து சீவி எடுத்து வேர்விட ஊன்றும் துண்டான போத்தையோதான் நம்ப வேண்டும். குளிர்காலப் பராமரிப்புக்கு இவ்வளவு மெனக்கெடுவது அதனால்தான்.

இனி நடுவதற்கு வருகிறேன். உறைபனியின் அபாயம் நீங்கி, மண்ணின் வெப்பம் 15 டிகிரி செல்சியஸை எட்டிய பிறகே கிழங்கை நட வேண்டும். அவசரப்பட்டுக் குளிர்ந்த மண்ணில் நட்டால் அது முளைக்காமல் ஊறிக்கொண்டே கிடக்கும். நாளுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத வெயிலும், தண்ணீர் தேங்காத மண்ணும் தேவை. 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் கிழங்கைப் படுக்கவைத்து, கண் மேல்நோக்கி இருக்குமாறு பார்த்து, செடிக்குச் செடி 45 முதல் 60 சென்டிமீட்டர் இடைவெளி விடுகிறேன். உயரமாக வளரும் வகைகளுக்கு ஊன்றுகோலை நடும்போதே ஊன்றிவிட வேண்டும். செடி சாயத் தொடங்கிய பிறகு ஊன்றினால், கோலின் முனை எங்கே இறங்குகிறது என்பது நமக்குத் தெரியாது; ஒருமுறை நான் தோண்டி எடுத்த கிழங்குக் கொத்தில் என் மூங்கில் கோல் தண்டடியை நேராகத் துளைத்துக்கொண்டு நின்றது.

நட்டவுடன் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று சொன்னால் புதிதாக வளர்ப்பவர்கள் நம்ப மறுக்கிறார்கள். இலை இல்லாத கிழங்கால் தண்ணீரைச் செலவழிக்க முடியாது. முளைக்கத் தேவையான ஈரம் அதனுள்ளேயே இருக்கிறது. மண் தூசியாக வறண்டிருந்தால் மட்டும் லேசாக நனைத்துவிட்டு, முளை மண்ணுக்கு மேலே தலைகாட்டும் வரை கைகளைக் கட்டிக்கொண்டு இருப்பதே நல்லது. முளைத்த பிறகு நிலைமை நேர்மாறாகிவிடும். வளர்ந்த டேலியா நிறையத் தண்ணீர் குடிக்கும், அதுவும் மேலோட்டமாகத் தெளிப்பதைவிட வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஆழமாகப் பாய்ச்சுவதையே விரும்பும்.

மூன்று அல்லது நான்கு சோடி இலைகள் வந்ததும் நடு நுனியைக் கிள்ளிவிட வேண்டும். முதல் ஆண்டு எனக்கு மனமே வரவில்லை. நன்றாக வளரும் செடியின் தலையை யார்தான் கிள்ளுவார்கள்? கிள்ளாமல் விட்ட செடி ஒற்றைத் தண்டாக உயர்ந்து, உச்சியில் ஒரு பூவைக் காட்டிவிட்டு, முதல் பெருங்காற்றிலேயே சாய்ந்தது. கிள்ளிய செடியில் இலைக்கணுக்களிலிருந்து பக்கக் கிளைகள் வந்து, தாழ்ந்து பரந்த புதராகப் பூக்கள் பெருகின. உரத்தில் தழைச்சத்து மிகுந்தால் இலைகள் செழித்துப் பூ குறைவதோடு, குளிர்காலத்தில் எளிதில் அழுகும் கிழங்குகளே உருவாகின்றன. ஆகவே மொட்டு வைக்கத் தொடங்கியதிலிருந்து சாம்பல் சத்து மிகுந்த உரத்தையே தருகிறேன், கோடை முடிவதற்குள் அதையும் நிறுத்திவிடுகிறேன்.

வாடிய பூக்களை நீக்கிக்கொண்டே இருந்தால்தான் புதியவை வரும். இதில் ஒரு சிக்கல் உண்டு: இதழ் உதிர்ந்த பூவும் விரியாத மொட்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். மொட்டு உருண்டையாகவும் கெட்டியாகவும் இருக்கும். வாடிய பூ கூம்பு வடிவில், அழுத்தினால் பஞ்சு போல இருக்கும். குவளையில் வைக்கப் பறிப்பதானால் முழுவதும் விரிந்த பூவையே காலையில் பறிக்க வேண்டும், ஏனென்றால் டேலியா பறித்த பிறகு பெரிதாக விரிவதில்லை.

பூச்சிகளைப் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் என் தோட்டத்தில் உண்மையில் தொல்லை தருபவை இரண்டுதான். இளம் முளையை ஓரிரவில் தின்று தீர்க்கும் ஓடில்லா நத்தைகள் ஒன்று. வறண்ட வெப்பத்தில் இலையின் அடிப்புறத்தில் பெருகும் செம்பேன் இன்னொன்று. இவை இரண்டும் அந்த ஆண்டோடு போய்விடும். அடுத்த ஆண்டுக்கும் தொடரும் நோய்களையே நான் அஞ்சுகிறேன். இலை நரம்புகளை ஒட்டி மஞ்சள் பட்டையோடி, செடி குட்டையாகிப்போனால் அது தேமல் நோயாக இருக்கக் கூடும். அசுவினியாலும் வெட்டுக்கத்தியாலும் பரவும் இந்த வைரசுக்கு மருந்து கிடையாது. தண்டடியில் காலிபிளவர் போன்ற புடைப்பு கொத்தாகத் தோன்றினால் அது பாக்டீரியாவால் வருவது, அதற்கும் மருந்து கிடையாது. இத்தகைய செடிகளைக் கிழங்கோடு அப்புறப்படுத்திவிட வேண்டும். உரக்குழியில் போடவும் கூடாது. எவ்வளவு அருமையான நிறமாக இருந்தாலும் அதைப் பெட்டியில் வைத்துக் காப்பது அடுத்த ஆண்டுத் தோட்டம் முழுவதற்கும் நோயைச் சேமித்து வைப்பதாகும்.

குளிர்கால வேலை கோடையின் இறுதியிலேயே தொடங்கிவிடுகிறது. பகல் குறுகத் தொடங்கும்போது, பூத்துக்கொண்டிருக்கும் செடி மண்ணுக்கடியில் தன் வேர்களைப் பருக்கவைக்கும் வேலையில் இறங்குகிறது. பகல் 12 மணி நேரத்துக்கும் கீழே குறையும்போது இந்த வேலை வேகம் பிடிக்கிறது. மேலே பூக்கள் சிறுத்து, நடுவில் மஞ்சள் மையம் தெரியத் தொடங்கினால், கீழே சேமிப்பு நடக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். பெயர்ச்சீட்டுகளை நான் கட்டுவது இந்த நாட்களில்தான், பூ இருக்கும்போதே, தண்டின் அடியில். உறைபனி பட்டுக் கறுத்த பிறகு எல்லாச் செடியும் ஒரே செடியாகத்தான் தெரியும், கிழங்கைப் பார்த்து நிறத்தைச் சொல்ல எவராலும் முடியாது.

கிழங்கைத் தோண்டி எடுப்பதா, மண்ணிலேயே விடுவதா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை இல்லை. மண் உறையாத, தண்ணீர் நன்றாக வடியும் இடமாக இருந்தால், தண்டை வெட்டிவிட்டு 15 சென்டிமீட்டருக்குக் குறையாத கனத்தில் காய்ந்த இலையாலோ வைக்கோலாலோ மூடாக்குப் போட்டு விட்டுவிடலாம். மண் உறையும் இடத்திலும், குளிர்காலம் முழுவதும் மழை பெய்யும் களிமண் நிலத்திலும் தோண்டி எடுப்பதே வழி. உறைபனியே இல்லாத வெப்பப் பகுதிகளில் டேலியாவைக் குளிர்ந்த மாதங்களில் வளர்த்து, கடும் வெயிலில் கிழங்கை ஓய்வெடுக்க விடுகிறார்கள். அங்கே ஓய்வுக்காலம் கோடையாக மாறுகிறதே தவிர, கிழங்குக்கு நிழலும் வறட்சியும் காற்றோட்டமும் தர வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை.

முதல் கடும் உறைபனியில் இலைகள் ஒரே இரவில் கறுத்துத் தொங்கிவிடும். பார்க்கத் துயரமாக இருந்தாலும் அவசரப்படத் தேவையில்லை, மண்ணுக்குள் இருப்பவை பத்திரமாகவே இருக்கின்றன. தண்டுகளைத் தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிட்டு, ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை மண்ணிலேயே விட்டுவைக்கிறேன். அந்த இடைவெளியில் கிழங்கின் தோல் சற்றுக் கெட்டிப்படுவதோடு, தண்டடியில் கண்கள் லேசாகப் புடைத்துக் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகின்றன. பிரிக்க நினைப்பவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் வெட்டிய தண்டு உள்ளே குழலாக இருக்கும். மழை பெய்தால் அந்தக் குழல் வழியே தண்ணீர் நேராகத் தண்டடிக்கு இறங்கி நின்று அழுகலைத் தொடங்கிவைக்கும். ஆகவே மழை வரும் போல இருந்தால் வெட்டிய முனையைத் தகட்டுத் தாளால் மூடிவிடுகிறேன். ஒரு வாரம் முழுவதும் மழை என்றால் காத்திருக்காமல் உடனே எடுத்துவிடுகிறேன்.

தோண்டும்போதுதான் அதிகக் கழுத்துகள் ஒடிகின்றன. தண்டிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, நான்கு பக்கமும் மண்ணை இளக்கிவிட்டு, பிறகு அடியிலிருந்து நெம்பித் தூக்க வேண்டும். தண்டைப் பிடித்து இழுப்பது கூடாது, ஏனெனில் மண்ணோடு சேர்ந்த கொத்தின் எடை முழுவதும் அந்த மெல்லிய கழுத்துகளில்தான் தொங்கும். மண்ணை உதறுவதற்காகக் கொத்தைத் தரையில் தட்டுவதையும் பார்த்திருக்கிறேன். அதைவிடக் குழாய் நீரை மெதுவாக விட்டுக் கழுவுவது நல்லது. கழுவலாமா கூடாதா என்பது டேலியா வளர்ப்பவர்களிடையே முடியாத வாதம். மண்ணோடு வைத்தால் ஈரம் காக்கப்படும் என்பார்கள் ஒரு சாரார். மண்ணில்தான் பூஞ்சையும் நத்தை முட்டையும் இருக்கின்றன என்பார்கள் மறு சாரார். களிமண் நிலத்துக்காரனான நான் கழுவும் கட்சி. கழுவாவிட்டால் எனக்குக் கண்ணும் தெரியாது, ஒடிந்த கழுத்தும் தெரியாது. மணல்பாங்கான மண்ணாக இருந்தால் உதறினாலே போதும் என்று ஒப்புக்கொள்கிறேன்.

கழுவிய கொத்தைத் தலைகீழாக வைத்து உலர்த்த வேண்டும். குழல் தண்டுக்குள் தேங்கிய நீர் வெளியே வடிய வேறு வழி இல்லை. உறைபனி படாத, நேர் வெயில் இல்லாத, காற்று வரும் இடத்தில் ஓரிரு நாட்கள் போதும். இந்த இடத்தில் ஒரு முறை ஒரு வாரம் மறந்து விட்டுவிட்டேன். சிறிய கிழங்குகள் எல்லாம் வற்றல் போலாகிவிட்டன. டேலியாக் கிழங்கின் தோல் உருளைக்கிழங்கின் தோலைப் போலத் தடித்ததல்ல, அதன் வழியே ஈரம் வெகு விரைவில் வெளியேறிவிடும். மேற்பரப்பு உலர்ந்து, உள்ளே சாறு நிற்கும் நிலையே நமக்கு வேண்டியது.

பிரிப்பதை இலையுதிர்காலத்தில் செய்வதா இளவேனிலில் செய்வதா என்பதில் நான் இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன். இலையுதிர்காலத்தில் தண்டடி மென்மையாக இருப்பதால் கத்தி எளிதில் இறங்கும், பெட்டியில் இடமும் குறைவாகவே தேவைப்படும். ஆனால் கண்கள் குண்டூசித் தலை அளவே இருக்கும், தவறவிடுவது எளிது. இளவேனிலில் கண்கள் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ முளைத்து நிற்கும், பிழைக்கே இடமில்லை. ஆனால் தண்டடி மரமாக இறுகியிருக்கும், வெட்டும் கை நழுவினால் விரல் போகும். கண் தெளிவாகத் தெரியும் வகைகளை இலையுதிர்காலத்திலும், தெரியாதவற்றை முழுக் கொத்தாகவே வைத்திருந்து இளவேனிலிலும் பிரிப்பது என்று இன்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எப்போது வெட்டினாலும், ஒரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் இடையே கத்தியைக் கிருமிநாசினியில் தோய்த்துத் துடைப்பதை விட்டுவிடக் கூடாது. வெட்டு வாயில் கந்தகத் தூளைத் தொட்டுவைத்து, ஒரு நாள் உலரவிட்டு, பெயரைக் கிழங்கின் தோலிலேயே அழியாத மையால் எழுதிவிடுகிறேன். சீட்டு கழன்றுவிடும், தோலில் எழுதியது கழலாது.

இனிச் சேமிப்பு. பெட்டிக்குள் கிடக்கும் கிழங்கு உயிருள்ளது, அது மூச்சுவிடுகிறது என்பதை மறக்கக் கூடாது. டேலியா தன் சேமிப்பை மாவுச்சத்தாக வைக்காமல் இனுலின் என்ற கூட்டுச்சர்க்கரையாக வைக்கிறது. இந்தக் கிழங்கு நஞ்சற்றது என்றாலும் அதை உண்பவர்களுக்கு வயிற்றில் காற்று சேர்வதற்குக் காரணம் இதுதான். இனுலினை நம் குடல் செரிப்பதில்லை, குடலில் வாழும் பாக்டீரியாக்களே அதை உண்கின்றன. உறங்கும் கிழங்கு இந்த இனுலினைச் சிறுகச் சிறுகச் செலவிட்டுக் கண்களை உயிரோடு வைத்திருக்கிறது. இடம் வெப்பமாக இருந்தால் செலவு கூடும், 10 டிகிரிக்கு மேல் நீடித்தால் குளிர்காலத்தின் நடுவிலேயே வெளிறிய முளைகள் கிளம்பிவிடும். 0 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளிருக்கும் நீர் உறைந்து, உருகியதும் கிழங்கு கூழாகிவிடும். 4 முதல் 10 டிகிரி வரை என்பதே பாதுகாப்பான இடைவெளி. வெப்பமூட்டப்படாத நிலவறை, உறையாத சேமிப்பறை, மாடிப்படிக்கு அடியில் உள்ள குளிர்ந்த மூலை ஆகியவை பொருந்தும். ஒரு வெப்பமானியை அங்கே ஒரு வாரம் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. என் வீட்டில் மிகக் குளிர்ந்த இடம் என்று நான் நம்பியிருந்த மூலைக்குப் பின்னால் சுடுநீர்க் குழாய் ஓடியது.

எதில் புதைத்து வைப்பது என்பதற்கு மரத்தூள், உலர்ந்த மணல், தென்னைநார்த் தூள், வெர்மிகுலைட் என்ற இலேசான கனிமத் துகள், கசக்கிய செய்தித்தாள் என்று பல பதில்கள் உண்டு. எல்லாவற்றையும் நான் முயன்றிருக்கிறேன். வறண்ட காற்றுள்ள அறையில் செய்தித்தாள் தோற்றது. அது கிழங்கின் ஈரத்தையே உறிஞ்சிக்கொண்டது. ஈரமான நிலவறையில் அதே செய்தித்தாள் மிக நன்றாக வேலை செய்தது. தென்னைநார்த் தூளைப் பொதியிலிருந்து எடுத்து அப்படியே போட்டபோது அதிலிருந்த ஈரத்தால் கால்பங்கு கிழங்குகள் பூஞ்சை பிடித்தன. உலர்த்திப் போட்ட அடுத்த ஆண்டு அந்தத் தொல்லை இல்லை. ஆகவே யாராவது என்னிடம் எது சிறந்தது என்று கேட்டால், உங்கள் அறையின் காற்று எப்படி என்று திருப்பிக் கேட்கிறேன். நான் இப்போது வெர்மிகுலைட்டில் நின்றுவிட்டேன், அது கூடுதல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்பித் தருகிறது. கிழங்கும் கிழங்கும் தொடாமல் அடுக்கினால், ஒன்று அழுகினாலும் பக்கத்தில் இருப்பது தப்பும். பெட்டியை முற்றிலும் அடைத்துவிடாமல் சிறு துளைகள் விடுவதும், பழுக்கும் ஆப்பிள்களோடு ஒரே அறையில் வைக்காமல் இருப்பதும் அவசியம். பழங்கள் விடும் எத்திலீன் வாயு கிழங்குகளுக்கு நல்லதல்ல.

பெட்டியை மூடிவிட்டு இளவேனில் வரை மறந்துவிடுவதுதான் பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணம் என்பது என் கணிப்பு. மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் எடுத்துத் தொட்டுப் பார்க்க வேண்டும், முகர்ந்தும் பார்க்க வேண்டும், ஏனெனில் அழுகல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரியும். மென்மையாகிவிட்ட பகுதியை நல்ல சதை தெரியும் வரை வெட்டி, உலர்த்தி, தனியாக வைக்கிறேன். அழுகல் கிழங்கின் வால் பக்கமிருந்து வந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். கழுத்திலிருந்து வந்தால் வீசிவிடுவேன். தோல் சுருங்கத் தொடங்கினால் சேமிப்புப் பொருளின் மேல் கொஞ்சம் நீரைத் தெளித்து மூடிவைத்தால் போதும்; தண்ணீரில் ஊறவைப்பது கூடாது. அழுகலும் சுருக்கமும் எதிரெதிர்த் திசைகளில் இழுப்பவை. ஒரே பெட்டியில் இரண்டையும் பார்த்தால் குழம்ப வேண்டாம், பெரிய கிழங்குகள் ஈரத்தைத் தாங்காமலும் சிறியவை வறட்சியைத் தாங்காமலும் போயிருக்கும். அதனால் இப்போது பெரியவற்றுக்கு ஒரு பெட்டியும் சிறியவற்றுக்கு ஒரு பெட்டியும் வைத்திருக்கிறேன்.

உறைபனிக் காலம் முடிவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன் சில கிழங்குகளை எடுத்து, தண்டடி மண்ணுக்கு வெளியே தெரியுமாறு தொட்டியில் வைத்து, 18 முதல் 21 டிகிரி வெப்பமும் நல்ல வெளிச்சமும் உள்ள இடத்தில் எழுப்புகிறேன். முளை 7 சென்டிமீட்டர் அளவு வளர்ந்ததும், அடியில் கிழங்கின் சிறு துணுக்கோடு சீவி எடுத்து ஈரமணலில் ஊன்றினால் இரண்டு மூன்று வாரங்களில் வேர்விடும். அதன் பிறகும் அதே தண்டடி அடுத்தடுத்து முளைகளைத் தரும். போத்திலிருந்து வளர்ந்த செடியும் அந்த ஆண்டே பூக்கும், இலையுதிர்காலத்துக்குள் தனக்கென்று கிழங்குகளையும் உண்டாக்கிக்கொள்ளும்.

சென்ற குளிர்காலத்தின் முடிவில், அடர் சிவப்புப் பூக்கும் ஒரு பழைய வகையின் கொத்தைச் சிறிய பெட்டியின் அடியிலிருந்து எடுத்தேன். மாதச் சோதனைகளில் அது எப்படியோ என் கைக்குத் தப்பியிருக்கிறது. ஐந்து கிழங்குகளில் நான்கு காய்ந்த மிளகாயைப் போலச் சுருண்டு கையோடு வந்துவிட்டன. ஐந்தாவது சுண்டுவிரல் அளவே இருந்தது, அதுவும் பாதி வற்றியிருந்தது. தண்டடியை நகத்தால் கீறிப் பார்த்தபோது உள்ளே பச்சை தெரிந்தது. தொட்டியில் வைத்துச் சற்றே நீர் தெளித்தேன். பதினெட்டாம் நாள் ஒரு கண் சிவந்து புடைத்தது. அதிலிருந்து எடுத்த இரண்டு போத்துகளும், தாய்த் தண்டடியும் ஆக மூன்று செடிகள் இப்போது வேலியோரம் இடுப்புயரம் நிற்கின்றன. இன்று காலை அவற்றில் ஒன்பது பூக்களை எண்ணினேன். பெயர்ச்சீட்டு கட்டும் காலம் வந்துவிட்டது.